இரண்டு நிமிடம்: பிலடெல்பியா ஸ்டார்பக்ஸ் கைது, ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஏப்ரல் 12, வியாழக்கிழமை மாலை. பிலடெல்பியா நகரின் நடுவே, ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 18-ஆம் தெருவும் ஸ்புரூஸ் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடை. 4.35 மணிக்கு ரஷான் நெல்சன், டான்டே ராபின்சன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் உள்ளே வருகிறார்கள். இருவருக்கும் வயது 23. பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பர்கள். 4.45-க்கு அங்கே ஆண்ட்ரூ யாஃபி என்ற வெள்ளையரைச் சந்திப்பதாக ஏற்பாடு. அவர் ரியல் எஸ்டேட் தொழில் செய்பவர். பல மாதங்களாக முயன்று வந்த ஒரு தொழில் விஷயத்தைப் பேச வேண்டியிருந்ததால் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

நெல்சன், கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார். ஏதாவது வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வருகிறது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மேசைக்குத் திரும்பி உட்காருகிறார். அப்புறம் மேலாளரே மேசைக்கு வந்து, குடிக்க ஏதாவது வேண்டுமா என்று விசாரிக்கிறார். வேண்டாம், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, ஒருவருக்காகக் காத்திருக்கிறோம், என்கிறார்கள்.

4.37-க்கு அந்த மேலாளர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கிறார்.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் காவல்துறை பிறகு வெளியிட்டது. கோபமோ பதற்றமோ அதில் இல்லை. என் கடையில் இரண்டு கனவான்கள் இருக்கிறார்கள், எதுவும் வாங்கவும் மறுக்கிறார்கள், வெளியே போகவும் மறுக்கிறார்கள் என்று சொல்லி, கடையின் முகவரியைக் கொடுக்கிறார். அவ்வளவுதான். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. முதலில் சிலர், பிறகு இன்னும் சிலர். வெளியே போகச் சொன்னார்கள். சந்திப்புக்காகக் காத்திருப்பதாக இளைஞர்கள் சொன்னார்கள். கைவிலங்கு மாட்டும் நேரத்தில் யாஃபியும் வந்து சேர்ந்தார். எதற்காக இவர்களைப் பிடிக்கிறீர்கள், காபி வாங்காமல் உட்கார்ந்திருந்ததற்கா, என்று அவர் கேட்பது, அங்கே எடுக்கப்பட்ட வீடியோவில் இருக்கிறது. இது அப்பட்டமான பாகுபாடு என்று அங்கேயே சொல்கிறார். பயனில்லை. இருவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். குற்றம் நடந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் வழக்குத் தொடர மறுத்தது. நள்ளிரவு தாண்டிய பிறகுதான் இருவரும் வெளியே வந்தார்கள்.

அன்றாட வாழ்க்கையில் இனவெறி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த நிகழ்வைத்தான் சொல்வேன். இதில் யாரும் யாரையும் வசை பாடவில்லை, அடிக்கவும் இல்லை. மேலாளர் தன் கடை விதியைச் சொன்னார், போலீஸ் சட்டத்தைச் சொன்னது. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்ததாகவே நம்பினார்கள். முடிவில், ஒரு தப்பும் செய்யாத இரண்டு பேர் பாதி இரவைக் காவலில் கழித்தார்கள்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள்

அந்தக் கடையில் அப்போது இருந்தவர்கள் பிறகு சொன்னவை முக்கியமானவை. இந்தக் கைதுக்குச் சற்று முன் ஒரு பெண் உள்ளே வந்து, எதுவும் வாங்காமலே கழிப்பறைக் கதவின் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இன்னொருவர், தான் நெடுநேரமாக எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருப்பதாக எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார். அவரை யாரும் எழுப்பவில்லை.

‘வாங்குபவர்களுக்கு மட்டும்’ என்ற விதி உண்மையிலேயே இருந்தது. அதை மேலாளர் இட்டுக்கட்டவில்லை. யாரிடம் எப்போது அதை எடுத்துக்காட்டுவது என்பது மட்டும் அவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்தும் கேள்வி இல்லை. மற்ற இருவர் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் போலீஸுக்குப் போன் போகிறது. வெள்ளையர் சலுகை என்று சொல்லப்படுவது இந்த வித்தியாசம்தான். பணமோ பதவியோ கைக்கு வந்து சேர்வதில்லை. நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்ற கேள்வி வராமல் இருக்கிறது. வராத கேள்வியை யாரும் கவனிப்பதும் இல்லை. அதனால்தான் சலுகை பெறுகிறவர்களுக்கே அது இருப்பது தெரிவதில்லை.

வெல்ஸ்லி கல்லூரியைச் சேர்ந்த பெகி மக்கின்டோஷ் என்ற வெள்ளைப் பெண்மணி 1988-இல் இதைத் தன் வாழ்க்கையிலிருந்தே பட்டியல் போட்டு எழுதினார். தோலின் நிறத்தால் தனக்கு அன்றாடம் கிடைக்கும் 46 வசதிகள் அதில் இருந்தன. தனியாகக் கடைக்குப் போனால் பின்னாலேயே ஒருவர் வந்து கண்காணிக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் அதில் ஒன்று. எல்லாமே அப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான். 18-ஆம் தெருக் கடையில் அந்த மாலை நடந்ததைப் பார்த்தால், அந்தச் சின்ன விஷயங்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும்.

இதற்கும் முன்பே 1935-இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் எழுதியிருக்கிறார்: அமெரிக்கத் தெற்கில் ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாக இருந்தாலும் பொது இடத்தில் கிடைக்கும் மரியாதை ஒருவகைக் கூலியாக வந்து சேர்ந்தது. பூங்காவுக்கும் பொதுக் கூட்டத்துக்கும் தடையின்றிப் போகலாம், போலீஸும் அவர்கள் கூட்டத்திலிருந்தே வந்தவர்கள். டு பாய்ஸுக்கும் இந்தத் தெரு முனைக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1896-இல் அவர் பிலடெல்பியாவுக்கு வந்து, கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த ஏழாம் வார்டில் வீடு வீடாகப் போய் விவரம் திரட்டினார். 1899-இல் அது நூலாக வந்தது. அந்த ஏழாம் வார்டின் வடக்கு எல்லை ஸ்புரூஸ் தெரு. ஆக, அந்த ஸ்டார்பக்ஸ் இருந்த முனை அவர் ஆய்வு செய்த பகுதியின் விளிம்பு. கறுப்பினத்தவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி காலப்போக்கில் விலை உயர்ந்து கைமாறியது. ராபின்சன் 15 வயதிலிருந்து அந்தக் கடைக்கு வந்துபோனவர். அவரைத்தான் அன்று அந்நியராகப் பார்த்தார்கள்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், நியாயமான கேள்விதான். ஏழை வெள்ளையருக்கு என்ன சலுகை இருக்கிறது? வீடில்லாமல் தெருவில் படுக்கும் வெள்ளையரையும் கடையிலிருந்து விரட்டத்தான் செய்கிறார்கள். உண்மை. ஆனால் அங்கே கேள்வியைக் கிளப்புவது கந்தல் உடையும் மூட்டையும், அதாவது வறுமை. நெல்சனும் ராபின்சனும் தொழில் பேச வந்தவர்கள். அந்த வயது வெள்ளை இளைஞர் இரண்டு பேர் லேப்டாப்போடு அதே மேசையில் உட்கார்ந்திருந்தால், யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியிருக்கும். வறுமையும் நிறமும் தனித்தனியாகவும் வேலை செய்யும், சேர்ந்தும் வேலை செய்யும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாது.

முதலில் வாய் திறந்தவர்

வீடியோவை ட்விட்டரில் போட்டவர் மெலிசா டிபினோ என்ற வெள்ளைப் பெண். அது பல லட்சம் முறை பார்க்கப்பட்டது. அதோடு அவர் எழுதிய ஒரு வரிதான் பரவலாகப் பேசப்பட்டது. நாங்களும் இதையேதான் செய்கிறோம், எங்களுக்கு ஏன் இப்படி ஒருபோதும் நடந்ததில்லை என்று இங்கிருக்கும் மற்ற வெள்ளையர்கள் எல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், என்ற பொருளில் எழுதியிருந்தார். ‘பாவம் அந்த இருவர்’ என்று எழுதுவது சுலபம். பார்வையைத் தன் பக்கம் திருப்பி, எனக்கு ஏன் நடக்கவில்லை என்று கேட்டது வேறு வகை. சலுகையை உணர்வது என்பது எனக்குத் தெரிந்து இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஆனால் கடைக்குள் முதலில் குரல் கொடுத்தவர் டிபினோ அல்ல. மிஷெல் சாஹின் என்ற கறுப்பினப் பெண். அவர்கள் எதுவும் செய்யவில்லை, முழுவதையும் நான் பார்த்தேன் என்று போலீஸ் முன்னால் பேசியவர் அவர். ஒரு கறுப்பினப் பெண் ஆயுதம் தரித்த போலீஸிடம் எதிர்த்துப் பேசும்போது ஏற்கும் ஆபத்தும், வெள்ளைப் பெண் பேசும்போது ஏற்கும் ஆபத்தும் ஒன்றல்ல. அதிக ஆபத்தில் இருப்பவர் முதலில் பேசினார், குறைந்த ஆபத்தில் இருந்தவர்கள் பின்னால் வந்தார்கள். சொன்னவர் வெள்ளையர் என்பதால்தான் உலகம் அந்த வீடியோவை அவ்வளவு சீக்கிரம் நம்பியது என்பதும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. இதை டிபினோவே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பின்னர் டிபினோவும் சாஹினும் சேர்ந்து வெள்ளையர்களிடம் இதைப் பேசுவதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

அந்த வீடியோவை மறுபடி பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனதில் நிற்பது ஒன்று உண்டு. இரண்டு இளைஞர்களும் கத்துவதில்லை, கையை உதறுவதில்லை. எழுந்து நின்று கையைப் பின்னால் கொடுக்கிறார்கள். அந்த அமைதிக்குப் பின்னால் இருப்பது பயிற்சி. அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே உட்கார வைத்து, போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். போலீஸை எதிர்கொள்ளும்போதெல்லாம் என்ன ஆகுமோ என்ற எண்ணம் ஓடும் என்று நெல்சன் பேட்டியில் சொன்னார். வெள்ளைக் குடும்பங்களில் இந்தப் பாடம் கிடையாது. பாடம் தேவைப்படாமல் இருப்பதும் ஒரு சலுகை.

காவல்துறையின் பதில், நிறுவனத்தின் பதில்

அப்போதைய போலீஸ் கமிஷனர் ரிச்சர்ட் ராஸ் கறுப்பினத்தவர். ஏப்ரல் 14-ஆம் தேதி பேசியபோது, தன் ஆட்கள் தப்பு எதுவும் செய்யவில்லை என்று உறுதியாகச் சொன்னார். வெளியேறச் சொல்லி மரியாதையாகக் கேட்டார்கள், மறுத்ததால் கைது செய்தார்கள் என்பது அவர் விளக்கம். சில நாளில், ஏப்ரல் 19-ஆம் தேதி, மன்னிப்புக் கேட்டார். ஸ்டார்பக்ஸ் கடைகளில் எதுவும் வாங்காமலே மக்கள் உட்கார்ந்திருப்பது வழக்கம் என்பது தனக்குத் தெரியாது என்று சொன்னார்.

கமிஷனரே கறுப்பினத்தவர், அப்புறம் எப்படி இனவெறி ஆகும், என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அந்த ஏற்பாடு யார் நாற்காலியில் இருந்தாலும் ஓடும் என்பதே பதில். பென்சில்வேனியச் சட்டப்படி, வெளியே போ என்று உரிமையாளர் சொன்ன பிறகும் போகாமலிருப்பது அத்துமீறல் குற்றம். கடைக்காரர் போன் செய்து சொன்னால் போலீஸ் அதை நிறைவேற்றும். கடைக்காரர் ஏன் இவர்களை மட்டும் சொல்கிறார் என்று விசாரிக்கும் கடமை எந்தப் படியிலும் இல்லை. மேலாளரின் மனதில் இருந்த சந்தேகம், அது தெரிந்து வந்ததோ தெரியாமல் வந்ததோ, நேராகக் கைவிலங்காக மாறியது. நடுவில் வடிகட்டி எதுவும் இல்லை. இதைத் தாமதமாகவாவது காவல்துறை புரிந்துகொண்டது. இம்மாதிரி அழைப்புகளில் முதலில் சமாதானப்படுத்தப் பார்க்க வேண்டும், உண்மையை விசாரித்த பிறகே அடுத்த நடவடிக்கை என்று 2018-இலேயே புதிய நெறிமுறை கொண்டு வந்தார்கள். என் கணக்கில், இந்த நிகழ்வில் நடந்த மாற்றங்களிலேயே உருப்படியானது இதுதான். செய்தியில் மிகக் குறைவாக வந்ததும் இதுதான்.

செய்தியில் அதிகம் வந்தது ஸ்டார்பக்ஸ் செய்தவை. தலைமை அதிகாரி கெவின் ஜான்சன் பிலடெல்பியாவுக்கு நேரில் வந்து இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்த மேலாளர் வேலையிலிருந்து விலகினார். மே 19-ஆம் தேதி, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்கள். மே 29-ஆம் தேதி பிற்பகல் அமெரிக்காவிலுள்ள தங்கள் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூடி, ஏறக்குறைய 1,75,000 ஊழியர்களுக்கு இனச்சார்பு பற்றிய பயிற்சி கொடுத்தார்கள். பிரையன் ஸ்டீவன்சன், ஷெரிலின் ஐஃபில் போன்ற மனித உரிமை வழக்கறிஞர்கள் அதற்கு ஆலோசனை சொன்னார்கள்.

அந்தப் பிற்பகலில் பலர் முதன்முறையாகத் தங்கள் அனுபவத்தைச் சக ஊழியரிடம் பேசினார்கள். அது நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட பயிற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. கால்வின் லாய் தலைமையில் 2016-இல் வந்த ஆய்வு, மறைமுகச் சார்பை, அதாவது தெரியாமலே மனதில் இருக்கும் சார்பைக் குறைப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்பது வழிகளைச் சோதித்தது. உடனடியாகப் பலன் தெரிந்தது, சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் அது மறைந்துவிட்டது. பிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற சமூகவியலாளர்கள் பல ஆண்டு நிறுவனத் தரவுகளைப் பார்த்து, கட்டாயப் பயிற்சிகளால் நிர்வாகப் பதவிகளில் பன்முகத்தன்மை கூடவில்லை, சில இடங்களில் எதிர்விளைவே வந்தது என்று எழுதினார்கள். மனதை மாற்றுவது கடினம். மனதில் இருப்பது கைக்கு வரும் வழியில் ஒரு தடுப்பு வைப்பது அதைவிட எளிது. காவல்துறை நெறிமுறையை நான் உயர்த்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நெல்சனும் ராபின்சனும் நகராட்சியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு 1 டாலர் மட்டும் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக, அரசுப் பள்ளிகளில் படிக்கும் இளம் தொழில்முனைவோருக்காக நகராட்சி 2 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். ஸ்டார்பக்ஸோடு தனியாக ஓர் இழப்பீட்டு ஒப்பந்தம் ஆனது, அதன் தொகை வெளியிடப்படவில்லை. தொழில் பேச வந்த இடத்தில் தடுக்கப்பட்டவர்கள், அடுத்த தலைமுறை தொழில் தொடங்க வழி கேட்டார்கள்.

நீதிமன்றத்தில் வந்த இன்னொரு கதை

இந்த நிகழ்வைப் பேசும்போது 2023 ஜூன் தீர்ப்பை மறைக்கக் கூடாது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வெள்ளைப் பெண் அதிகாரி ஒருவரை, கைது நடந்த சில வாரங்களில் ஸ்டார்பக்ஸ் பணிநீக்கம் செய்தது. தன் நிறத்துக்காகவே தன்னைப் பலிகொடுத்தார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். நியூ ஜெர்சியில் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 2.56 கோடி டாலர் வழங்கியது. அதில் 6 லட்சம் இழப்பீடு, மீதி 2.5 கோடி தண்டனைத் தொகை.

பார்த்தீர்களா, பாதிக்கப்பட்டது வெள்ளையர்கள்தான் என்று சிலர் இதைக் கொண்டாடினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தீர்ப்பு ஒரு பணிநீக்கத்தைப் பற்றியது. 4.37-க்குப் போன அழைப்பை அது நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றை அது காட்டுகிறது. பொதுமக்களின் கோபம் ஏறும்போது நிறுவனங்கள் ஒரு முகத்தைத் தேடுகின்றன. ஒருவரை வெளியே அனுப்பினால் பிரச்சினை முடிந்ததாகக் காட்டிக்கொள்ளலாம். வெள்ளையர் சலுகையை உணர்வது என்றால் ஏதாவது ஒரு வெள்ளையரைத் தண்டிப்பது என்று புரிந்துகொள்ளும் நிறுவனம், அதைப் புரிந்துகொள்ளவே இல்லை.

நம் வீட்டுக்கு எவ்வளவு அருகில்

2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரில் இதே மாதிரி ஓர் அழைப்பு போனது. குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயதுப் பெரியவர், பேரனைக் கவனித்துக்கொள்ள வந்தவர், காலையில் அக்கம்பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். ஒரு குடியிருப்பாளர் போலீஸை அழைத்து, ஒல்லியான ஒரு கறுப்பர் நடமாடுவதாகச் சொன்னார். வந்த போலீஸிடம் பெரியவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு போலீஸ்காரர் அவரைக் காலை இடறித் தரையில் வீழ்த்தினார். கழுத்தில் அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அந்தக் காவலர் மீதான கூட்டாட்சி வழக்கில் இரண்டு முறை ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுவித்தார்.

பிரசவத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் அப்பா அம்மாவை ஆறு மாதம் வரவழைக்கும் தமிழ்க் குடும்பம் எதற்கும் இது அந்நியக் கதை அல்ல. வேட்டியை மடித்துக் கட்டி, அல்லது ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டு, காலையில் நடக்கப் போகும் அப்பாவை எத்தனையோ புறநகர்த் தெருக்களில் பார்க்கலாம்.

இருந்தும் நம்மவர்கள் பலர் வேறு பக்கம் நின்று பேசுகிறார்கள். அந்தப் பக்கம் கறுப்பர்கள் அதிகம், வீடு பார்க்காதே என்று புதிதாக வருபவருக்குச் சொல்லும் அறிவுரை நம் கூட்டங்களில் சர்வசாதாரணம். பெட்ரோல் பங்க், மோட்டல், மளிகைக் கடை என்று இந்தியர் நடத்தும் கடைகள் அமெரிக்கா முழுக்க இருக்கின்றன. அங்கே கல்லாவுக்குப் பின்னால் நிற்பது நாம். யாரைப் பின்தொடர்ந்து பார்ப்பது, யாருக்குக் கழிப்பறைச் சாவி கொடுப்பது, எப்போது 911 என்று முடிவு செய்வதும் நாம்தான். நமக்கு வெள்ளையர் சலுகை முழுதாகக் கிடையாது. ஆனால் கறுப்பினத்தவரிடமிருந்து தள்ளி நின்றால் அதில் கொஞ்சம் கிடைக்கும் என்ற ஆசை இருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 1965-இல் மாறியதால்தான் நம்மவர் அங்கே பெரிய எண்ணிக்கையில் போக முடிந்தது. கறுப்பினத்தவர் அடிபட்டு நடத்திய சம உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது. 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் உட்கார்ந்து, பரிமாற மறுத்தும் எழாமல் இருந்தார்களே, அந்த நாற்காலியில் நமக்கும் பங்கு உண்டு.

அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வது

ஆபத்து இல்லாதபோது நிறத்தைப் பார்த்துப் போலீஸை அழைப்பவர் மீது பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம் என்று ஓரிகன் மாநிலம் 2019-இலும், நியூயார்க் மாநிலமும் சான் பிரான்சிஸ்கோ நகரமும் 2020-இலும் சட்டம் செய்தன. நல்லது. ஆனால் சட்டம் பின்னால் வருவது. அந்தக் கடையில் போலீஸ் வருவதற்கு முன் சில நிமிடங்கள் இருந்தன. அதில் என்ன நடந்திருக்கலாம்?

பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் எழுந்து மேலாளரிடம், நானும் எதுவும் வாங்கவில்லை, என்னை ஏன் கேட்கவில்லை, என்று அமைதியாகக் கேட்டிருக்கலாம். வீரம் எதுவும் தேவையில்லாத ஒரு கேள்வி. அது இளைஞர்களுக்குப் பரிந்து பேசுவதைவிட வலுவானது, ஏனென்றால் விதி எல்லோருக்கும் பொது அல்ல என்பதை அது அங்கேயே நிரூபித்துவிடும். மேலாளருக்கும் பின்வாங்க ஒரு வழி கிடைக்கும். போலீஸ் வந்த பிறகு செய்ய முடிந்ததை அங்கிருந்தவர்கள் செய்தார்கள்: பார்த்ததைச் சாட்சியாகச் சத்தமாகச் சொன்னார்கள், குறுக்கே போகாமல் வீடியோ எடுத்தார்கள், யாஃபி காரணம் கேட்டார். வீடியோவைப் பொதுவில் போடும்முன் பாதிக்கப்பட்டவர் சம்மதிக்கிறாரா என்று கேட்பதும் வேண்டும். விலங்கு மாட்டிய முகம் உலகம் முழுக்கச் சுற்றுவது எல்லோருக்கும் விருப்பமானதாக இருக்காது.

கடை நடத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் அதிகம். ஸ்டார்பக்ஸின் திறந்த கதவு நிலைக்கவில்லை. 2022-இல் பாதுகாப்புப் பிரச்சினைகளைச் சொல்லி 16 கடைகளை மூடினார்கள், அதில் ஒன்று பிலடெல்பியாவில் இருந்தது. பிறகு 2025 ஜனவரி 27 முதல் வட அமெரிக்கக் கடைகளில் பழைய விதி திரும்பி வந்தது. கடையும் கழிப்பறையும் வாடிக்கையாளருக்கு மட்டும். மீறுபவரை வெளியே போகச் சொல்லலாம், தேவைப்பட்டால் போலீஸ் உதவியையும் கேட்கலாம். பாகுபாடு கூடாது என்பதும் அதே நடத்தை விதியில் எழுதப்பட்டிருக்கிறது. போதைப்பொருள், வன்முறை என்று ஊழியர்கள் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

ஆனால் விதி திரும்பியிருக்கிறது என்றால் ‘யாரிடம், எப்போது’ என்ற அந்த விருப்புரிமையும் திரும்பியிருக்கிறது. அதற்கு எல்லை கட்டலாம். எத்தனை நிமிடம் கழித்துக் கேட்பது என்பதை எழுதி ஒட்டி, எல்லோரிடமும் அதே நேரத்தில் கேட்க வேண்டும். யாரும் யாரையும் தாக்காத நிலையில், ஒரே ஆள் தனியாக 911-ஐ அழைக்கக் கூடாது, ஷிஃப்டில் இருக்கும் இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை ஒருவரை வெளியே போகச் சொல்லும்போதும் வந்த நேரம், கேட்ட நேரம், காரணம், அதே நேரத்தில் வாங்காமல் இருந்த மற்றவர்களிடம் கேட்டார்களா என்பதைக் குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டை அந்தக் கடையைச் சேராத ஒருவர் சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் இரண்டே நிமிடத்திலும் இன்னொருவரிடம் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் கேட்டிருந்தால் அது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.